அறிவிப்புத் தாள் வருமுன்

இங்கிலாந்தின் தெருக்களில் விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு தாளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தும் மழை இறங்கி ஓரம் சுருண்டிருக்கும். மேலே கவுன்சிலின் பெயர், கீழே ஒரு விண்ணப்ப எண், ஒரு முகவரி, என்ன கட்டப் போகிறார்கள் என்று இரண்டு வரி, கருத்துச் சொல்லக் கடைசி நாள். திட்டமிடல் என்கிற உலகம் பெரும்பாலோருக்கு அந்தத் தாளில்தான் தொடங்குகிறது. அப்படித் தொடங்குகிறவர் ஏறக்குறைய முடிந்துபோன ஒரு விஷயத்துக்குள் நுழைகிறார் என்பதைத்தான் இன்று விளக்க வந்திருக்கிறேன். ஓர் இடத்தில் எது கட்டலாம், எவ்வளவு உயரம், எதற்குப் பயன்படுத்தலாம் என்கிற பெரிய முடிவுகள் அந்தத் தாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற நிலையில் கவுன்சிலின் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே படிப்பவருக்கு ஊரின் வடிவத்தில் பங்கு உண்டு. படிக்காதவருக்கு, ஆத்திரப்படும் உரிமைதான் மிஞ்சும்.

இந்த ஆவணங்கள் ஏன் பொதுவில் இருக்கின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1947-ல் இந்த நாடு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வந்த 1948 ஜூலை முதல், நிலம் ஒருவருக்குச் சொந்தம் என்பதாலேயே அதில் நினைத்ததைக் கட்டும் உரிமையும் அவருக்கு உண்டு என்ற நிலை மாறியது. அந்த உரிமையைப் பொதுச் சமூகம் எடுத்துக்கொண்டது. அதை விண்ணப்பத்தின் பேரில் திருப்பித் தருவதுதான் திட்டமிடல் அனுமதி. கொடுப்பது பொதுச் சமூகம் என்றால், எதை யாருக்கு எந்த நிபந்தனையோடு கொடுத்தோம் என்கிற கணக்கும் பொதுவில் இருந்தாக வேண்டும். அதனால்தான் 1990-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 69-வது பிரிவு ஒவ்வொரு கவுன்சிலும் திட்டமிடல் பதிவேடு வைத்து, அதை மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்கிறது. காரணம் கேட்கத் தேவையில்லை, வரி கட்டுபவராக இருக்க வேண்டியதில்லை, அந்த ஊர்க்காரராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பார்க்கக் கட்டணமும் இல்லை. இன்று அந்தப் பதிவேட்டின் பெரும்பகுதி இணையத்தில் இருக்கிறது. ஒரு முகவரியைத் தட்டினால் அந்த மனையின் மீது வந்த விண்ணப்பங்கள், வரைபடங்கள், அக்கம்பக்கத்தாரின் கடிதங்கள், அலுவலரின் அறிக்கை, முடிவுக் கடிதம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே ஊருக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆகாது. இதற்கு ஆக்ஸ்ஃபோர்டைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அந்த நகரின் மேற்கே, தேம்ஸ் கரையில், போர்ட் மெடோ என்று ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏர் படாத நிலம் அது. 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டிலேயே மேய்ச்சல் நிலமாகப் பதிவாகி, இன்றும் குதிரைகளும் மாடுகளும் மேயும் பொது நிலமாக இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் கிழக்கே நகரத்தின் கோபுரங்கள் தெரியும். 2011-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம், அந்தப் புல்வெளியை அடுத்த பழைய ரயில்வே நிலத்தில், காசில் மில் என்ற இடத்தில், முதுநிலை மாணவர்களுக்கான குடியிருப்புக் கட்ட நகர கவுன்சிலிடம் விண்ணப்பித்தது. 2012-ல் அனுமதி கிடைத்தது. நான்கு, ஐந்து மாடித் தொகுதிகளின் இரும்புச் சட்டங்கள் மேலெழுந்த பிறகுதான் ஊர் விழித்தது. புல்வெளியிலிருந்து தெரிந்த வானம் குறைந்திருந்தது. ஜெரிகோ பகுதியின் செயின்ட் பார்னபாஸ் தேவாலயக் கோபுரத்தைப் புதிய கூரைகள் மறைத்தன. மனுக்கள், கூட்டங்கள், பத்திரிகைக் கண்டனங்கள் என்று எதிர்ப்பு பெருகியது. கிராமப்புறங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் சிபிஆர்இ அமைப்பின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கிளை நீதிமன்றம்வரை போனது.

இத்தனை படித்தவர்கள் வாழும் ஊரில், அத்தனை பேர் தினமும் நடக்கும் புல்வெளிக்குப் பக்கத்தில், இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி ஓசையில்லாமல் நுழைந்தது? ரகசியம் எதுவும் நடக்கவில்லை. விண்ணப்பம் பதிவேட்டில் இருந்தது, வரைபடங்கள் இருந்தன, குழுக் கூட்டம் பொதுவில் நடந்தது. விண்ணப்பத்தின் விவர வரியைப் பார்த்தால் விடையில் பாதி கிடைக்கும். ஏற்கெனவே உள்ள மாணவர் குடியிருப்பின் விரிவாக்கம் என்று அது தொடங்குகிறது. கூடுதலாக 312 குடியிருப்பு அலகுகள், அவற்றில் தனி அறைகள் எத்தனை, ஃபிளாட்கள் எத்தனை, மிதிவண்டி நிறுத்த இடங்கள் எத்தனை என்று கணக்கு நீளுகிறது. எத்தனை மாடி என்று அந்த வரியில் இல்லை. போர்ட் மெடோ என்ற பெயரும் இல்லை. முகவரியோ ரயில் நிலையத்தை ஒட்டிப் போகும் ஒரு முட்டுச்சந்து. கவுன்சில் வெளியிடும் விண்ணப்பங்களின் வாராந்தரப் பட்டியலில் ஓடும் கண்ணுக்கு அது இன்னொரு விரிவாக்கம், அவ்வளவுதான். புல்வெளியில் நடப்பவர் தன் வாழ்வைத் தொடும் செய்தி அந்த வரிக்குள் இருப்பதாக எப்படி ஊகிப்பார்? அதை ஊகிக்க வேண்டுமானால் முகப்பு வரைபடத்தைத் திறந்து உயரத்தைப் பார்க்க வேண்டும்; வரைபடத்தில் இடமே பெறாத புல்வெளியை மனதில் வைத்து அந்த உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

கவுன்சில் ஒரு சுதந்திர விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. திட்டமிடல் துறையில் மூத்தவரான வின்சென்ட் குட்ஸ்டாட் தலைமையிலான அந்த ஆய்வு, சட்டம் கேட்ட குறைந்தபட்சத்தைக் கவுன்சில் செய்திருக்கிறது, ஆனால் மக்களிடம் கொண்டுசேர்க்கும் நல்ல நடைமுறைக்கு அது எட்டவில்லை என்ற முடிவுக்கு வந்தது. என் பார்வையில் இந்த விவகாரம் முழுவதிலும் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். சட்டத்தை மீறாமலே ஓர் ஊரை இருட்டில் வைக்க முடியும் என்பதற்கு இது சான்று. பிறகு, கட்டி முடித்த கட்டடத்துக்குப் பின்னோக்கிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரானது. 2014-ல் வெளியான அந்த அறிக்கையே காட்சிக்கு நேர்ந்த பாதகம் கணிசமானது என்று ஒப்புக்கொண்டது. மேல் தளத்தை எடுக்க ஏறக்குறைய 3 கோடி பவுண்டு ஆகும் என்று பல்கலைக்கழகம் கணக்குச் சொன்னது. 2015 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் பேரவை வாக்களித்து, தளத்தை எடுக்கும் யோசனையைத் தள்ளிவிட்டது. கட்டடம் இன்றும் முழு உயரத்தோடு நிற்கிறது. வரைபடமாக இருந்தபோது ஒரு மாடியைக் குறைப்பது காகிதத்தில் செய்யும் திருத்தம். இரும்பும் செங்கல்லும் ஆன பிறகு அதன் விலை கோடிகளில்.

தாமதமாக வருகிறவருக்குச் சட்டமும் கைகொடுப்பதில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டால் அண்டைவீட்டாருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு இருப்பது உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு ஒன்றுதான். அதற்கு ஆறு வாரக் கெடு, பெரும் செலவு. அங்கேயும் முடிவு சரியா தவறா என்பதை நீதிபதி எடைபோட மாட்டார். முடிவெடுத்த முறையில் சட்டப் பிழை உண்டா என்று மட்டும் பார்ப்பார். பக்கத்து நாடான அயர்லாந்தில் 20 யூரோ கட்டி விண்ணப்பத்தின் மீது கருத்துப் பதிவு செய்தவர், பின்னர் மேல்முறையீடும் செய்யலாம். இங்கிலாந்து அந்தக் கதவைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்பது என் கருத்து. அது திறக்கும்வரை, முடிவுக்கு முந்திய காலம் மட்டுமே ஊர்க்காரரின் காலம். சிறு விண்ணப்பங்களுக்கு அந்தக் காலம் 21 நாள். அதிலும், பக்கத்து வீட்டுக்குக் கடிதம் அனுப்புவதோ இடத்தில் தாள் ஒட்டுவதோ, இரண்டில் ஒன்றைச் செய்தாலே சட்டம் திருப்தி அடைந்துவிடும். எனக்குக் கடிதம் வரவில்லையே என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

ஆகவே தாளுக்கு முன்னால் போக வேண்டும். முன்னால் இருப்பது உள்ளூர்த் திட்டம் என்கிற ஆவணம். 2004-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவு, வலுவான வேறு காரணம் இல்லாதவரை, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்தத் திட்டத்தின்படியே தீர்க்க வேண்டும் என்கிறது. நம்மில் பலர் கோயிலுக்கோ கடைக்கோ வீட்டுக்கோ அனுமதி கேட்கிறோம், மறுக்கப்பட்டால் அலுவலரின் மனநிலையைக் காரணம் சொல்கிறோம். மறுப்புக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு காரணத்துக்கும் அடியில் உள்ளூர்த் திட்டத்தின் ஒரு கொள்கை எண் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டையே எடுத்துக்கொள்வோம். நகரின் நடுவில் உள்ள கார்ஃபாக்ஸ் சந்தியிலிருந்து 1,200 மீட்டர் தொலைவுக்குள் 18.2 மீட்டருக்கு மேல் கட்டடம் உயர்வதைக் கட்டுப்படுத்தும் விதி அங்கே தலைமுறை தாண்டி இருந்துவருகிறது. சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து கோபுரங்கள் தெரியும் காட்சிப் பாதைகளும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதே நகரில், உறவில்லாத மூன்று பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரு குடும்ப வீட்டைப் பகிர்ந்து குடியிருக்க, 2012 பிப்ரவரி முதல் திட்டமிடல் அனுமதி வேண்டும். நாட்டின் பல இடங்களில் அனுமதியின்றிச் செய்யக்கூடிய அந்த மாற்றத்தை ஆக்ஸ்ஃபோர்ட் கவுன்சில் 4-வது பிரிவு ஆணை என்ற கருவியால் நகரம் முழுமைக்கும் தடுத்துவிட்டது. மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணி அங்கே வீடு வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். தெரியாமல் வாங்கினால் அவருடைய கணக்கு முழுவதும் தவறிவிடும்.

உள்ளூர்த் திட்டம் உருவாகும் கட்டத்தில் மக்கள் எழுதும் ஒரு கடிதத்துக்கு, பின்னால் எழுதும் நூறு கடிதங்களைவிட எடை அதிகம். வரைவு வெளியாகிறது, கருத்துக் கேட்கப்படுகிறது, பிறகு அரசு நியமிக்கும் சுதந்திர ஆய்வாளர்கள் பொது அமர்வில் அதைச் சோதிக்கிறார்கள். அவர்கள் கவுன்சிலுக்குத் தலையாட்டுகிறவர்கள் அல்லர். 2040 வரைக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்ட் தயாரித்த திட்ட வரைவை, வீட்டுத் தேவைக் கணக்கில் அண்டை மாவட்டங்களோடு சட்டம் கேட்கும் அளவுக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, 2024-ல் ஆய்வாளர்கள் ஏற்க மறுத்தார்கள். கவுன்சில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒரு நகரத்தின் அடுத்த இருபது ஆண்டு இந்த அமர்வுகளில் பேசப்படுகிறது. அங்கே வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் நில உடைமையாளர்களின் ஆலோசகர்கள். அவர்கள் வருவது தவறில்லை. மற்றவர்கள் வராததுதான் குறை.

ஒரு விண்ணப்பத்தை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். காசில் மில் விண்ணப்பத்தின் எண் 11/02881/எஃப்யுஎல். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, நடுவில் வரிசை எண், கடைசி எழுத்துகள் வகை. எஃப்யுஎல் என்றால் முழு விண்ணப்பம். ஓயுடி என்றால் கொள்கை அளவில் மட்டும் அனுமதி கேட்கும் முன்வரைவு. அதற்கு அனுமதி கிடைத்துவிட்டால், பின்னால் விவரங்களோடு வரும் விண்ணப்பத்தில் "இங்கே கட்டவே கூடாது" என்ற வாதம் செல்லாது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் வீணான கடிதங்கள் ஏராளம். அடுத்து மனையின் பழைய விண்ணப்பங்கள். முன்பு எது மறுக்கப்பட்டது, என்ன காரணம் சொல்லப்பட்டது என்பதைப் பார்த்தால், புதிய விண்ணப்பம் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும். மூன்றாவதாக வரைபடங்கள். எல்லோரும் தரைத்தளப் படத்தையும் வண்ணம் பூசிய மாதிரிப் படத்தையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவை முகப்புத் தோற்றமும் வெட்டுத் தோற்றமும். அளவுகோலை வைத்து உயரத்தை அளந்துவிட்டு, பக்கத்துக் கட்டடம் அதே படத்தில் காட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தைக் காட்டாத முகப்புப் படம் உங்களிடம் ஒன்றை மறைக்கிறது. மாதிரிப் படங்களில் மரங்கள் கோடையின் முழு இலையோடு நிற்கும். இங்கிலாந்தில் ஆண்டின் ஐந்து மாதம் மரங்கள் மொட்டையாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு அலுவலரின் அறிக்கை. பதிவேட்டில் மிகக் குறைவாகப் படிக்கப்படுவதும் மிக அதிகம் கற்றுத்தருவதும் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் கவுன்சிலர்களின் குழுவுக்கே போகாமல், அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட அலுவலர்களால் தீர்க்கப்படுகின்றன. ஆகவே அலுவலர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது தெரிந்தாக வேண்டும். உங்கள் தெருவில் ஏற்கெனவே முடிந்துபோன மூன்று நான்கு விண்ணப்பங்களின் அறிக்கைகளைப் படியுங்கள். வெளிச்சம் குறைவது, பக்கத்து வீட்டின் அந்தரங்கம், போக்குவரத்து, சத்தம், மரங்கள், பழமையான கட்டடத்தின் தோற்றம் ஆகியவை எடைக்கு வரும். வீட்டு விலை இறங்கும் என்பது வராது. என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும் வராது. பொது வெளியிலிருந்து தெரியும் காட்சி வேறு. போர்ட் மெடோவில் நிற்கும் எவருக்கும் சொந்தமான அந்தக் காட்சிக்குத் திட்டமிடலில் இடம் உண்டு. விண்ணப்பதாரர் எந்த ஊர்க்காரர், எப்படிப்பட்டவர், அவருடைய வியாபாரம் உங்கள் வியாபாரத்துக்குப் போட்டியா என்பனவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. ஐம்பது பேர் ஒரே கடிதத்தைப் படியெடுத்து அனுப்பினாலும், சொன்ன காரணம் ஒன்றுதான் என்றால் அறிக்கையில் அது ஒரு வரிதான்.

வீடு வாங்குபவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தாயகத்தில் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று எடுத்துப் பழகியவர்கள் நாம். இந்த மனையின் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று அது சொல்லும். இங்கே வழக்கறிஞர் கவுன்சிலிடமிருந்து எடுக்கும் உள்ளூர்த் தேடல் வேறு வகை. பாதுகாக்கப்பட்ட மரம், பாரம்பரியப் பகுதி, அனுமதிகளின் நிபந்தனைகள், அமலாக்க அறிவிப்பு என்று அரசு அமைப்புகள் அந்த மனையின் மீது வைத்திருக்கும் கட்டுகளை அது காட்டும். எல்லாம் காட்டும் என்று நம்பிவிடுவதில்தான் ஆபத்து. வழக்கமான அந்தத் தேடல் நீங்கள் வாங்கும் மனையைப் பற்றியது மட்டுமே. புதிய சாலை, ரயில் திட்டங்கள் 200 மீட்டருக்குள் வந்தால் சொல்லும். பின்பக்கத்து வயலில் நூறு வீடுகளுக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது என்பதைச் சொல்லாது. அது கவுன்சிலின் பதிவேட்டில், வரைபடத் தேடலில், எவர் பார்வைக்கும் திறந்து கிடக்கும். வாங்குபவர் தாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு. வாழ்நாள் கடனில் வீடு வாங்குகிற ஒருவர், சமையலறை மேடைக் கல்லைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை அந்த வரைபடத்துக்குக் கொடுக்கலாம். வெள்ள அபாயத்துக்குச் சுற்றுச்சூழல் முகமையின் வரைபடம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களும் சாலைகளும் ஆக்ஸ்ஃபோர்ட் போன்ற இடங்களில் நகர கவுன்சிலின் பொறுப்பில் இல்லை, கவுண்டி கவுன்சிலிடம் இருக்கின்றன. லண்டன் பரோக்களில் எல்லாம் ஒரே இடத்தில். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதும் படிப்பில் சேர்ந்ததுதான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இரண்டு வேலை பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு, இரவில் களைத்து விழுகிறவர் நூற்றுக்கணக்கான பக்கத் திட்டத்தைப் படிப்பாரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறோம். திட்டமிடல் ஆவணங்களின் ஆங்கிலம் ஆங்கிலேயருக்கே எளிதில்லை. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோயில் நிர்வாகக் குழு இருக்கிறது, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருவர் வாராந்தரப் பட்டியலைப் பார்த்து, தங்கள் வட்டாரத்துக்கு மின்னஞ்சல் அறிவிப்பைப் பதிவு செய்து, முக்கியமானதைத் தமிழில் நாலு வரியாக மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். திருவிழாவுக்கு ஆள் திரட்டத் தெரிந்த சமூகத்துக்கு இது முடியாத வேலை இல்லை.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. மக்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்தால், வீடு வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் கட்டவிடாமல் தடுக்கக் கற்றுக்கொள்வார்கள். நாட்டில் வீட்டுப் பஞ்சத்துக்கே அதுதான் காரணம் என்பதே அந்த மறுப்பு. இதை நான் லேசாகத் தள்ளிவிடமாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் வீட்டு விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. காசில் மில் குடியிருப்பு வந்ததால் முந்நூறுக்கு மேற்பட்ட முதுநிலை மாணவ வீடுகள் நகரத்து வாடகைச் சந்தையின் மீதிருந்த சுமையைக் குறைத்தன. பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிகளுக்கு வெளியே வாழும் மாணவர்கள் 3,000-க்கு மேல் போகக்கூடாது என்று கவுன்சிலே வரம்பு வைத்திருந்த நிலையில், அந்தக் கட்டடம் தேவையாகவே இருந்தது. ஆனால் அங்கே தகராறு கட்டுவதா வேண்டாமா என்பதில் இல்லை, உயரத்திலும் வடிவத்திலும் இருந்தது. அதை 2011-லேயே பத்துப் பேர் கவனித்து எழுதியிருந்தால், கூரைகள் தாழ்ந்து, அறைகள் வேறு விதமாக அடுக்கப்பட்டு, அதே மாணவர்கள் குடியேற வாய்ப்பு இருந்தது. படிக்காத ஊரின் எதிர்ப்பு "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் நின்றுவிடும். படித்த ஊரால் "இந்த மாடியை இங்கே தள்ளி வை" என்று சொல்ல முடியும். தவிர, கட்ட வேண்டும் என்று விரும்புகிறவர்களும் அதே பதிவேட்டில் ஆதரவுக் கடிதம் எழுதலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அதைச் செய்வதே இல்லை என்பதுதான் சொந்த வீட்டுக்காரர்களின் குரல் மட்டும் கேட்பதற்குக் காரணம்.

புலம்பெயர்ந்தோரின் வழிபாட்டு இடங்களுக்கு இதே வாதம் பல மடங்கு பொருந்தும். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் லெச்மோர் ஹீத் கிராமத்தருகே உள்ள பக்திவேதாந்த மாளிகையின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. 1973-ல் இசைக் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் கிருஷ்ண பக்தர் இயக்கத்துக்கு வாங்கிக் கொடுத்த இடம் அது. விழா நாட்களில் கூட்டம் பெருகி, சின்னக் கிராமத்தின் ஒற்றைச் சாலையில் வாகனங்கள் அடைத்துக்கொண்டன. ஹெர்ட்ஸ்மியர் கவுன்சில் பொது விழாக்களைத் தடுக்க அமலாக்க நடவடிக்கையில் இறங்கியது. ஆண்டுக்கணக்கில் போராட்டம், வழக்கு, ஊர்வலம் எல்லாம் நடந்தன. 1996-ல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜான் கம்மர் அனுமதி கொடுத்தபோது, அதன் நடுவில் இருந்தது கிராமத்தைத் தொடாமல் போகும் ஒரு புதிய அணுகுசாலை. பக்தியின் நியாயத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் திட்டமிடல் கேட்ட கேள்வி வாகனங்கள் எந்த வழியே போகும் என்பது. அதற்கு விடை கிடைத்தபோது கதவும் திறந்தது. நம் கோயில்களும் மண்டபங்களும் கிடங்குகளிலும் பழைய தேவாலயங்களிலும் தொடங்கும்போது, அந்தக் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டு வகை என்ன, தேர்த் திருவிழா நாளில் கார்கள் எங்கே நிற்கும், இரவு எத்தனை மணிவரை மேளம் என்கிற மூன்றுக்கும் குத்தகையில் கையெழுத்துப் போடுமுன் விடை இருக்க வேண்டும். விடையில் பாதி அந்தக் கட்டடத்தின் பழைய விண்ணப்பக் கோப்பிலேயே இருக்கும்.

கவுன்சில் எப்படியும் தான் நினைத்ததைத்தான் செய்யும், படித்து என்ன பயன் என்கிற சலிப்பும் உண்டு. அனுமதி கொடுத்த பிறகும் கோப்பு மூடுவதில்லை என்பதே இதற்குப் பதில். முடிவுக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும்: எந்தச் செங்கல், எத்தனை மணிவரை வேலை, எந்த ஜன்னலுக்கு மங்கலான கண்ணாடி, எந்த மரத்துக்கு வேலி. அவற்றை நிறைவேற்றியதற்கான விண்ணப்பங்களும் பதிவேட்டில் வந்து சேரும். நிபந்தனை மீறப்பட்டால் புகார் செய்யலாம். கவுன்சில் அலுவலர்கள் தெருத்தெருவாகச் சோதித்துக்கொண்டிருப்பதில்லை, பெரும்பாலும் அண்டை வீட்டார் சொல்லித்தான் அமலாக்கம் நடக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பதிவேடு முழு உண்மை அல்ல. தனி விண்ணப்பம் வேண்டாத பொது அனுமதியின் கீழ் வரும் பின்கட்டு விரிவாக்கமும் மாடத்து அறையும் பல நேரம் அதில் தடம் பதிக்காமலே எழும்பிவிடும். பழைய கோப்புகள் இன்னும் பல கவுன்சில்களில் மைக்ரோஃபிஷ் தகடுகளில் கிடக்கின்றன. எழுதிக் கேட்டால்தான் வெளியே வரும். இல்லாததைத் தேடும்போது கேட்கத் தயங்கக்கூடாது.

கடைசியாக, கவுன்சில்களிடம் சில கோரிக்கைகள். படிக்கும் கடமை மக்களுடையது என்று நான் சொன்னதால், படிக்கும்படி எழுதும் கடமையிலிருந்து அவர்கள் விடுபட்டுவிடவில்லை. விண்ணப்பத்தின் விவர வரியிலேயே, எத்தனை அலகு என்பதோடு எத்தனை மாடி, எத்தனை மீட்டர் என்பதும் இருக்க வேண்டும். பெரிய கட்டடமானால் அது எந்தப் பொது இடங்களிலிருந்து தெரியும் என்பதைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். அந்த இடங்களிலிருந்து, இலையுதிர்ந்த பருவத்தில் எடுத்த புகைப்படத்தின் மேல் கட்டடத்தை வரைந்து காட்ட வேண்டும். அறிவிப்புத் தாளைக் கட்டடம் எழும் சந்தில் மட்டும் கட்டாமல், அது தெரியப்போகும் இடத்திலும் கட்ட வேண்டும். காசில் மில் விஷயத்தில் அந்த இடம் புல்வெளியின் நுழைவாயில். தினமும் அந்த வழியே நடந்தவர்கள் அதைப் படித்திருப்பார்கள். நூலகங்களில் வாரம் ஒரு மாலையாவது, வரைபடத்தை விரித்து வைத்து விளக்கிச் சொல்லும் அலுவலர் ஒருவர் உட்கார வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு கவுன்சிலும் மக்களை எப்படிக் கலந்தாலோசிப்போம் என்று ஓர் ஆவணம் எழுதி வைத்தாக வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்த ஆவணத்தைத் திருத்தும்போது பல கவுன்சில்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன. உங்கள் கவுன்சிலின் ஆவணம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, அடுத்த திருத்தம் எப்போது என்று இந்த வாரமே கேட்டு எழுதலாம்.